டைரக்டர் ஆகணும்னா எங்கே சேக்கறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என் போனுக்கு ஓய்வே இருக்காது. செங்கல்பட்டு வேதாசலம் நகரில் மருந்துக்கடை வைத்திருப்பவர், மகளின் பள்ளி ஆசிரியர், பால்காரரின் மச்சான் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். கேள்வி ஒன்றுதான். “சார், பையன் டைரக்டர் ஆகணும்ங்கறான். விஸ்காம் சேக்கலாமா, ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டா? படிச்சா சினிமாவுல விட்ருவாங்களா?” பல வருஷம் டிவி சீரியல்களுக்கு எடிட்டிங் பண்ணியவன் என்பதால், கோடம்பாக்கத்துச் சாவி என் சட்டைப் பையில் இருப்பதாக ஊரில் ஒரு நம்பிக்கை. சாவியும் கிடையாது, பூட்டும் கிடையாது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். அடுத்த வருஷம் லிங்க் அனுப்பிவிடலாம் பாருங்கள்.

முதலில் நம் ஊரிலிருந்து போக்குவரத்துக்கு எட்டுகிற இடங்கள். காலையில் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினால் பொத்தேரியில் பாதிப் பெட்டி காலியாகும். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகத்துக்குப் போகும் கூட்டம் அது. அங்கே விஸ்காம் என்கிற விஷுவல் கம்யூனிகேஷன் இருக்கிறது. சென்னையில் லயோலா புகழ்பெறச் செய்த படிப்பு. இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் கலைக் கல்லூரிகளிலும் உண்டு. அதே ரயிலில் கிண்டி வரை போய் பஸ் பிடித்தால் தரமணி. அங்கே இருப்பது அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். பழைய ஆட்களுக்கு அது இன்னும் அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட்தான். 1945-இல் தொடங்கியது. புனே இன்ஸ்டிடியூட் வந்ததே 1960-இல்தான் என்பதை ஒரு பெருமைக்காகச் சொல்லிவைக்கிறேன். சாலிகிராமத்து எல்.வி. பிரசாத் அகாடமி, ராஜீவ் மேனன் தொடங்கிய மைண்ட்ஸ்கிரீன் என்று தனியார் பள்ளிகளும் உண்டு. அங்கெல்லாம் கட்டணம் லட்சத்தில் பேசுவார்கள். அரசு நிறுவனத்தில் சாதாரணக் குடும்பம் தாங்குகிற தொகை. ஆனால் ஒரு பிரிவுக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் எடுப்பார்கள்.

விஸ்காமையும் இன்ஸ்டிடியூட்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. விஸ்காம் என்பது விளம்பரம், பத்திரிகை, போட்டோ, அனிமேஷன், கொஞ்சம் வீடியோ என எல்லாவற்றையும் தொட்டுக் காட்டும் டிகிரி. எந்தப் பக்கம் போவது என்று தெரியாத பிள்ளைக்கு நல்லது. தரமணியில் சேரும்போதே கை எதில் என்று முடிவாகிவிடும். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கமும் திரைக்கதையும், அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும், டி.ஐ. என்கிற டிஜிட்டல் இன்டர்மீடியட். முன்பு மூன்று வருஷ டிப்ளமோ, இப்போது பி.வி.ஏ. என்று நான்கு வருஷப் பட்டம். ஃபிலிம் சுருளைக் கழுவிப் பதப்படுத்தச் சொல்லிக்கொடுத்த இடத்தில் இப்போது கலர் கரெக்ஷன் சொல்லிக்கொடுக்கிறார்கள். லேப் போய்விட்டது, வேலை போகவில்லை.

சரி, “படிச்சா விட்ருவாங்களா” என்ற கேள்விக்கு வருவோம்.

அதற்குப் பதில் 1986-இல் வந்த ஒரு படம். ‘ஊமை விழிகள்’. கிழக்குக் கடற்கரையில் ஒரு உல்லாச விடுதி, காணாமல் போகும் இளம்பெண்கள், துப்பறியும் பத்திரிகைக்காரர்கள், தலை நரைத்த போலீஸ் அதிகாரியாக விஜயகாந்த். அப்போது இந்த இ.சி.ஆர்., டோல்கேட் எதுவும் கிடையாது. கடலோரம் என்றாலே ஆள் நடமாட்டமில்லாத இடம். படத்தின் பயம் பாதி அதில்தான் இருந்தது. தமிழில் சினிமாஸ்கோப்பை ஒழுங்காகப் பயன்படுத்திய படங்களில் ஒன்று என்று இன்றும் கேமராக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் நான் அதை இங்கே இழுப்பது வேறு காரணத்துக்கு. அதை எடுத்தவர்கள் இன்ஸ்டிடியூட் பையன்கள். ஆபாவாணன் கதை எழுதித் தயாரித்தார், அரவிந்தராஜ் இயக்கினார், ரமேஷ்குமார் ஒளிப்பதிவு. கூடப் படித்தவர்கள் சேர்ந்து கம்பெனி தொடங்கி எடுத்த படம்.

யாரும் அவர்களை உள்ளே விடவில்லை. அவர்களே ஒரு கதவைச் செய்து மாட்டிக்கொண்டார்கள். டைட்டிலில் பெயருக்குப் பின்னால் ‘டி.எஃப்.டெக்.’ என்று போட்டுக்கொள்வது அந்தக் காலத்தில் ஒரு கெத்து. இன்ஸ்டிடியூட் பையன்களுக்கு தியரி பேசி கேமரா ஓட்டத் தெரியுமே தவிர ரசிகனின் நாடித் துடிப்பு தெரியாது என்று கோடம்பாக்கத்தில் பேசிக்கொண்டிருந்த வாய்கள் அந்தப் படத்தோடு அடங்கின. பின்னாடியே ஆர்.கே. செல்வமணி ‘புலன் விசாரணை’யோடு வந்தார், அவரும் அங்கே படித்தவர்தான். விஜயகாந்த் அரசியலில் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதைப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் படித்த பசங்களை நம்பித் தேதி கொடுத்த பெரிய ஹீரோ அவர் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆகவே அப்பாக்களே, நீங்கள் பணம் கட்டுவது பாடத்துக்கு என்று நினைக்கிறீர்கள். பாடம் யூடியூபில் இருக்கிறது, அதுவும் ஓசியில். லென்ஸ் என்றால் என்ன, ஜம்ப் கட் என்றால் என்ன என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பையன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், கேட்டுப் பாருங்கள். படிப்பு தருவது வேறு. ஒரே வயசில், ஒரே பசியோடு, கேமரா தெரிந்தவன் ஒருத்தன், சவுண்டு தெரிந்தவள் ஒருத்தி, எடிட் பண்ணத் தெரிந்தவன் ஒருத்தன் என்று ஒரு செட்டு. அதை யூடியூபில் டவுன்லோடு பண்ண முடியாது. இன்னும் பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளைக்கு வேலை வாங்கித் தரப்போவது மார்க் ஷீட்டோ நானோ இல்லை, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்.

இந்த இடத்தில் இன்னொரு வழியையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பின்னூட்டத்தில் வந்து கேட்பீர்கள். பாரதிராஜா எந்தக் கல்லூரியில் படித்தார்? புட்டண்ண கனகாலிடம் வேலை பார்த்தார். பாரதிராஜாவிடம் பாக்யராஜ் வந்தார், பாக்யராஜிடம் பாண்டியராஜனும் பார்த்திபனும் வந்தார்கள். தமிழ் சினிமாவின் பெரிய பள்ளிக்கூடம் அசிஸ்டென்ட் டைரக்டர் வேலைதான். மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கட்டணம் உண்டு, ரசீதுதான் தர மாட்டார்கள். வளசரவாக்கத்தில் நாலு பேரோடு ரூம் வாடகை, படம் நடக்கும்போது பேட்டா, படம் நின்றால் அதுவும் இல்லை. கதை விவாதத்தில் டீ வாங்கிக் கொடுத்தே வயசு முப்பதைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும். ஊரிலிருந்து மாசாமாசம் பணம் அனுப்ப ஆள் இருந்தால்தான் இந்தக் குருகுலம் தாங்கும். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசு இன்ஸ்டிடியூட்டின் நான்கு வருஷம் எவ்வளவோ மேல்.

இதைப் புரிந்துகொண்டுதான் வெற்றிமாறன் ஐ.ஐ.எஃப்.சி. என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். முதல் தலைமுறைப் பட்டதாரிகளான கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். டிகிரி முடித்துவிட்டு சினிமாதான் என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அதை விசாரியுங்கள். வெற்றிமாறனே பாலு மகேந்திராவிடம் பயின்றவர். பாலு மகேந்திராவோ மட்டக்களப்பிலிருந்து கிளம்பி வந்து புனே இன்ஸ்டிடியூட்டில் ஒளிப்பதிவு படித்தவர். குருகுலமா கல்லூரியா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் இந்த ஒரு கொடியைப் பின்பற்றிப் போய்ப் பார்க்கலாம், இரண்டும் பின்னிக்கொண்டுதான் கிடக்கின்றன.

அடுத்து, எல்லோரும் டைரக்ஷனுக்கே அடித்துக்கொள்வது. போன் பண்ணுகிறவர்களில் யாராவது ஒருவர், “சார், என் பொண்ணு சவுண்டு படிக்கணும்ங்கறா” என்று கேட்டால் எழுந்து நின்று கும்பிடுவேன். எங்கள் தெருவிலேயே ஒருத்தி அப்படிப் போனாள். அவளுடைய வகுப்புப் படத்துக்கு ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார்கள், தேவனேரிக் கடற்கரைக்கு. கதை பெரிதாக ஒன்றுமில்லை, வலை பின்னிக்கொண்டே அப்பாவும் மகனும் பேசுகிறார்கள். டைரக்ஷன் பையனுக்கும் கேமரா பையனுக்கும் ஒரே ஆசை, பின்னால் அலை தெரிய வேண்டும், சாயங்கால வெளிச்சம் வேண்டும். இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். “அங்கிள், கேளுங்க. கடல்தான் பேசுது, ஆளு பேசல.” வாங்கி மாட்டிப் பார்த்தேன். உண்மைதான். கண்ணால் பார்க்கும்போது அலைச் சத்தம் நமக்குத் தள்ளிப் போய்விடுகிறது, மைக்குக்கு அந்த மரியாதை தெரியாது. போதாக்குறைக்கு மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும், மைக் மேல் உரோம உறை போட்டாலும் புஸ்புஸ் என்று இழுக்கும்.

அவள் செய்தது இதுதான். ஷூட்டிங்கை மறுநாள் விடியற்காலைக்குத் தள்ளச் சொன்னாள், காற்று எழும்புவதற்கு முன். கரையில் ஏற்றியிருந்த ஃபைபர் படகுக்கு இந்தப் பக்கம் நடிகர்களை உட்காரவைத்தாள், படகின் உடம்பு அலைச் சத்தத்தை மறைத்துக்கொள்ளும். அலை தெரிகிற அகலமான ஷாட்டை வசனம் இல்லாமல் தனியாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கேமரா பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். எல்லாம் முடிந்த பிறகு, “யாரும் அசையாதீங்க, ஒரு நிமிஷம்” என்று வெறும் அமைதியைப் பதிவு பண்ணினாள். வலைக்காரர்கள் இரண்டு பேர், எதற்கு இந்தப் பிள்ளை மண்ணைப் பார்த்து மைக்கை நீட்டுகிறது என்று சிரித்தார்கள். எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும் அந்த ஒரு நிமிஷத்தின் விலை. வசனத்தை வெட்டி ஒட்டிய இடத்திலெல்லாம் பள்ளம் விழாமல் நிரப்புவது அதுதான். டப்பிங்கிலேயே வளர்ந்த நம் சினிமாவில் லைவ் சவுண்டு தெரிந்தவர்களுக்கு இன்று நல்ல தேவை. ஓ.டி.டி. தொடர்கள் வந்த பிறகு இன்னும் கூடியிருக்கிறது. டைரக்டராகக் காத்திருக்கும் ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள், பூம் மைக் பிடிக்கத் தெரிந்த ஆளுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் செட்டில் நின்று வேடிக்கை பார்த்தால் வராது. டைரக்ஷனைக் கூட ஒருவர் பின்னால் நடந்து கற்றுக்கொள்ளலாம். சவுண்டு, கலர், எடிட்டிங் எல்லாம் தப்பு பண்ணிப் பழக இடம் வேண்டும், தப்பு பண்ணினால் யாருடைய கோடியும் போகாத இடம். கல்லூரி அந்த இடம்.

கேமரா படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். லென்ஸ் வாங்கித் தரச் சொல்லி அப்பாவை நச்சரிப்பதற்கு முன், மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு எதிரில் போய் விடிந்ததிலிருந்து உச்சி வரைக்கும் உட்காருங்கள். பாறை கிழக்கே பார்த்து நிற்கிறது. சூரியன் கிளம்பும்போது வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்கும், உருவங்கள் தட்டையாகத் தெரியும். பத்து, பதினொன்று ஆக ஆக வெயில் மேலிருந்து சரிந்து இறங்கும். அப்போதுதான் யானையின் காதுக்குக் கீழே நிழல் விழும், தவம் செய்கிறவனின் விலா எலும்பு ஒவ்வொன்றாக எழும். மத்தியானம் தாண்டினால் மொத்தமும் நிழலுக்குள் போய்விடும். அதே பாறை, அதே சிற்பம். வெளிச்சம் நகர்ந்தது மட்டும்தான். ஒளிப்பதிவு முதல் வருஷப் பாடத்தில் பாதி அங்கே நுழைவுச் சீட்டு கூட இல்லாமல் கிடைக்கிறது, ரோட்டோரத்தில். அவ்வளவு பெரிய ஃபிரேமில், கங்கை இறங்கும் மகா காட்சியில், யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனையைத் தவம் செய்ய வைத்து எலிகளைக் கும்பிடவிட்ட அந்தச் சிற்பிக்கு, காமெடி டிராக் எங்கே வைக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. மூன்றுகால் ஸ்டாண்டை மட்டும் விரித்துவிடாதீர்கள், தொல்லியல் துறை அனுமதி வேண்டும். அனுமதி வாங்க அலைவதும் சினிமாப் படிப்புதான்.

மாமல்லபுரம் என்றதும் ஒரு விஷயம். அங்கே இருக்கும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957-இல் தொடங்கியது. அதுவும் தரமணி இன்ஸ்டிடியூட்டும் இணைந்திருப்பது ஒரே பல்கலைக்கழகத்தோடு, 2013-இல் அமைத்த தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். கல் செதுக்கும் பிள்ளையும் கலர் கரெக்ஷன் பண்ணும் பிள்ளையும் காகிதத்தில் ஒரே பல்கலைக்கழக மாணவர்கள். நேரில் இவர்கள் சந்தித்துக்கொள்கிறார்களா என்றால் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் இல்லையென்றே சொல்கிறார்கள், எனக்கு அது வயிற்றெரிச்சல். ‘நாயகன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கிய பி.சி. ஸ்ரீராம் அடையாறு இன்ஸ்டிடியூட். தாராவியையே சென்னையில் செட்டாகப் போட்டுக் கலை இயக்கத்துக்குத் தேசிய விருது வாங்கிய தோட்டா தரணி, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். அந்த இரண்டு படிப்பும் ஒரு படத்தில் கைகோத்ததைத்தான் ஊர் கொண்டாடியது. பா. ரஞ்சித்தும் ஓவியக் கல்லூரிக்காரர்தான். ஆகவே பிள்ளைக்குக் கை வரைகிறது என்றால், சினிமாவுக்குப் போக ஃபிலிம் இன்ஸ்டிடியூட் மட்டுமே வழி என்று நினைக்காதீர்கள். கலை இயக்கம் என்று ஒரு பெரிய துறை ஆள் இல்லாமல் நிற்கிறது.

இனி காசு. இதைப் பேசாமல் கலை பேசுகிறவர்களை நம்பாதீர்கள். படித்து வெளியே வந்தால் முதல் சம்பளம் சினிமாவிலிருந்து வருவது அபூர்வம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கல்யாண மண்டபத்திலிருந்து வரும். முகூர்த்த நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்க மண்டபங்களிலும் போய்ப் பாருங்கள். கேண்டிட் கேமராவோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் விஸ்காம். இதை மட்டமாகப் பேசும் பேராசிரியர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. தாலி கட்டும் நேரத்தில் ரீடேக் கிடையாது. நூறு பேர் குறுக்கே வரும் இடத்தில் ஃபோகஸ் தவறாமல் ஒரு ஷாட் எடுத்தவனுக்கு எந்த செட்டிலும் கை நடுங்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தப் பணம் சீக்கிரம் வரும், அதனாலேயே ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு சீசனில் புது கேமராவுக்கு ஈ.எம்.ஐ., மூன்றாவது சீசனில் டிரோனுக்கு. அப்புறம் சொந்தக் கதை எழுதுவது எப்போது?

சீரியல் பக்கமும் வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தினம் ஒரு எபிசோடு போயாக வேண்டும் என்ற நெருக்கடியில் எடிட்டருக்கு வரும் வேகம் வேறெங்கும் வராது. குடும்பம் நடத்தக் காசும் வரும். உடம்பு போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சங்கம், கார்டு என்பது இன்னொரு தலைவலி. திரைத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெஃப்சியின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள். கேமராவுக்கு ஒன்று, எடிட்டருக்கு ஒன்று, லைட்மேனுக்கு ஒன்று. எந்த வேலைக்குப் போவதாக இருந்தாலும் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக என்ன ஆகும் என்பதைப் படிக்கும்போதே விசாரித்து வையுங்கள். ஃபெஃப்சி என்றதும் நம் மாவட்டத்துப் பையனூர் நினைவுக்கு வரும். மாமல்லபுரம் போகும் வழியில், திரைத் தொழிலாளர்களுக்கென்று கலைஞர் ஆட்சியில் ஒதுக்கிய நிலம். அங்கே படப்பிடிப்புத் தளமும் கட்டினார்கள். அதற்காக மல்லுக்கட்டிய ஃபெஃப்சித் தலைவர் யார் தெரியுமா? அதே ஆர்.கே. செல்வமணி. தொழில் மெல்ல மெல்லக் கோடம்பாக்கத்தை விட்டு நம் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது, செங்கல்பட்டுப் பிள்ளைக்கு இனி வளசரவாக்கத்து ரூம் கட்டாயம் என்றில்லை.

அரசைப் பற்றி ஒரு வரி சொல்லாவிட்டால் தூக்கம் வராது. தரமணி மாணவர்களுக்குச் சிறந்த மாணவர் விருது என்று அரசு ஒன்று கொடுக்கிறது, நல்ல விஷயம். 2008–09 முதல் 2013–14 வரைக்குமான விருதுகளை 2022 செப்டம்பரில் கலைவாணர் அரங்கத்தில் மொத்தமாகக் கொடுத்தார்கள். படிக்கும்போது கிடைத்திருந்தால் ஒரு தயாரிப்பாளர் கதவைத் தட்ட உதவியிருக்கும். மேடையேறியவர்களில் சிலர் அதற்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார்கள்.

கடைசியாக, போன் பண்ணுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை, இருக்கிற செல்போனிலேயே இரண்டு நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு. எடுத்த பிறகு, படத்தில் எந்த வேலை செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை என்று கேளுங்கள். எந்தப் பிரிவுக்கு விண்ணப்பம் போடுவது என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது. நீங்களும் ஒரு வேலை செய்யுங்கள். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் அங்கே போய், போன வருஷத்து மாணவர்கள் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏ.சி. தியேட்டரையும் வெளிநாட்டு கேமராவையும் காட்டிவிட்டு, படத்தை மட்டும் காட்டத் தயங்கினால் செக்கைக் கிழித்துவிட்டு அடுத்த ரயிலில் ஊர் வந்து சேருங்கள்.